கண்மாய்க் கரையில் கொசு: 1,80,000 ரூபாயை எதில் போடுவது?

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கையில் 1,80,000 ரூபாய் இருக்கிறது. மதுரையின் ஓரத்தில், ஒரு கண்மாயை ஒட்டி எழுந்த 140 வீடுகளில் கொசுவுக்கென்றே வசூலித்த பணம். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அதை எதில் செலவிடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். போன கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை வந்தது. புகை மருந்து அடிக்கும் இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்றார் ஒருவர். கண்மாயில் மருந்து ஊற்றினால் தீர்ந்தது என்றார் இன்னொருவர். கம்பூசியா மீன் விடலாம், ஆகாயத்தாமரையை வாரிவிடலாம், கரை முழுவதும் கான்கிரீட் போடலாம், நடுவில் நீரூற்று வைக்கலாம் என்று இரவு ஒன்பதரை வரை பேச்சு நீண்டது. பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் எல்லோர் கையும் காலை அடித்துக்கொண்டே இருந்தது.

எல்லா வழிகளையும் ஒப்பிட்டு எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஏரியோ குளமோ ஊருணியோ, நீர்நிலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எவருக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும் என்பதால் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் குவளை

தண்ணீரில் கொசுவை எண்ண எளிய முறை ஒன்று இருக்கிறது. பூச்சியியலாளர்கள் ஏறக்குறைய 350 மில்லி பிடிக்கும் வெள்ளைக் கரண்டியை நீண்ட காம்பில் பொருத்தி நீரை மொண்டு பார்ப்பார்கள். நான் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குவளையை மூங்கில் கழியில் கட்டிக்கொண்டேன். ஆவணியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கும் அண்ணனோடு கரையைச் சுற்றி வந்தேன். வெயிலைப் பார்த்து நின்று மொள்ள வேண்டும். நம் நிழல் பட்டால் கொசுப்புழுக்கள் சட்டென்று அடியில் இறங்கிவிடும். அவை மறுபடி மேலே வரும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும். குவளையைச் சாய்த்து, பாலாடையை வழிப்பதுபோல் மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும்.

பெரிய கரையில் கல் பாவிய பக்கம் காற்றுக்கு அலை தட்டிக்கொண்டிருந்தது. அங்கே பத்து முறை மொண்டோம், ஒரு புழுகூட இல்லை. அண்ணன் டியூப்பில் மிதந்துபோய் நடுநீரில் எடுத்து வந்ததிலும் இல்லை. உள்வாய்ப் பக்கம் வண்டல் மண் அள்ளிய குழிகளில் நீர் தனித்தனியாகத் தேங்கிக் கிடந்தது. அங்கே ஒரு குவளைக்கு இருபது, முப்பது புழுக்கள். சில தலைகீழாகத் தொங்கின. சில நீரின் மேல் வைக்கோல் துணுக்குபோல் படுத்துக் கிடந்தன. தொங்குபவை கியூலெக்ஸ் என்ற கொசுவகையின் புழுக்கள், படுத்திருப்பவை அனாபிலிஸ் என்ற வகையின் புழுக்கள். வடமூலையில், வரத்துக் கால்வாய் வழியாகக் கழிவுநீர் கண்மாய்க்குள் இறங்கும் வாயில் மொண்டபோது எண்ணுவதைக் கைவிட்டோம். குவளையின் அடி தெரியவில்லை. விளிம்பில் கரித்துகள்போல் ஒட்டிக்கொண்ட ஒன்றை அண்ணன் நகத்தில் ஏந்திக் காட்டினார். நொய்யரிசி அளவுகூட இராது. அது கியூலெக்ஸ் கொசுவின் முட்டைத் தெப்பம். நூறு, இருநூறு முட்டைகள் நின்றவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டி மிதப்பது. நம் ஊர் வெயிலில் அத்தனையும் கொசுவாகிப் பறக்க எட்டு முதல் பத்து நாள் போதும்.

அந்த இரண்டு காலைகளுக்குப் பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. கண்மாய் முழுவதும் கொசு விளைகிறது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். விளைவது மூன்றே இடங்களில்: கழிவுநீர் வாய், தனித்துவிட்ட குழிகள், ஆகாயத்தாமரை மூடிய ஓரம். பரப்பளவில் பார்த்தால் கண்மாயில் சிறு பங்குதான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது இந்த மூன்று இடங்களில் என்ன செய்யும் என்பதே என் அளவுகோல்.

மதுரைத் தெப்பக்குளத்தை நினைத்துப் பாருங்கள். திருமலை நாயக்கர் காலத்துக் குளம். நாற்புறமும் செங்குத்தான கல்சுவர், காற்று தடையில்லாமல் புரளும் பரப்பு. நீர் நிறைந்து மீனும் இருக்கும்போது கொசு நம்பி முட்டையிடக்கூடிய ஆழமற்ற புல்லோரம் அங்கே கிடையாது. தண்ணீர் இருந்தாலே கொசு வரும் என்பவர்களுக்கு நான் காட்டும் பதில் அதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கண்மாயில் வளர்வதில்லை. வீட்டுத் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர் போன்றவற்றில் தேங்கும் நீரில்தான் அது முட்டையிடும். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். தெருவில் டெங்கு வந்தால் கண்மாயைத் திட்டிப் பயனில்லை. வீட்டுக்குள் தேட வேண்டும். இரவெல்லாம் காதில் ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும் கியூலெக்ஸுக்குத்தான் கண்மாயோரம் தாய்வீடு. அது ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரும்.

புகை மருந்து

இதற்குத்தான் கூட்டத்தில் ஆதரவு அதிகம். காரணம் புரிகிறது. வண்டி வருகிறது, சத்தம் கேட்கிறது, தெரு வெள்ளையாகிறது, ஏதோ நடந்துவிட்டது என்ற நிம்மதி வருகிறது. அன்று இரவு கொசு குறைவதும் உண்மை.

ஆனால் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே புகை கொல்லும். மருந்தின் நுண்துளி அதன் உடலில் பட வேண்டும். தண்ணீரில் இருக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. வீட்டுக்குள் துணிமறைவில் ஒளிந்திருப்பதும் தப்பிக்கும். கியூலெக்ஸ் நடுநிசியை ஒட்டித்தான் அதிகமாகக் கடிக்கும். நாம் ஆறு மணிக்கு அடித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறோம். கண்மாய்க் கரையில் காற்று ஓய்வதே இல்லை என்பதால் பாதிப் புகை வயலுக்குப் போகும். அடுத்த சில நாட்களில் வடமூலையிலிருந்து புதுக் கூட்டம் எழும். நாம் வாங்கிய விலைப்புள்ளியின்படி இயந்திரம் மட்டுமே நம் பணத்தில் ஏறக்குறையப் பாதியை விழுங்கும். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் டீசல், மருந்து, ஆள்கூலி. தும்பியும் தேனீயும் சாவது தனிக்கணக்கு.

புகைக்கு உரிய இடம் ஒன்று உண்டு, அது முக்கியமான இடமும்கூட. ஒரு பகுதியில் கொசுவால் நோய் பரவத் தொடங்கினால், கிருமியைச் சுமந்து திரியும் கொசுக்களை உடனே குறைக்க வேறு விரைவான வழி கிடையாது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல் நம் வேலூர்ப் பகுதியில்தான். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைகள் நெல்வயலிலும் புல் மண்டிய குளத்தோரத்திலும் வளர்பவை. அப்படி ஒரு காய்ச்சல் தெருவில் வந்தால் சுகாதாரத் துறையை அழைத்து அன்றே புகை போடச் சொல்ல வேண்டும். அதற்காக நாம் இயந்திரம் வாங்கி வைக்க வேண்டியதில்லை.

தண்ணீரில் ஊற்றும் மருந்துகள்

இதில் மூன்று வகையைப் பற்றிப் பேசினார்கள். பழைய இன்ஜின் ஆயில் முதலாவது. சாக்கடையில் ஆயில் நனைத்த மரத்தூள் மூட்டையைப் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் பரவினால் புழு மூச்சுவிட முடியாமல் சாகும். இரை தின்னாத கூட்டுப்புழுவும் சாகும் என்பது இதன் பலம். அந்தப் பலத்தை மூடிய சாக்கடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கண்மாயில் காற்று படலத்தை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும்; மிச்சம் முக்குளிப்பானின் இறகிலும் மாடு குடிக்கும் நீரிலும் போய்ச் சேரும். இதற்கு என் வாக்கு கிடையாது.

இரண்டாவது டெமிபாஸ், ஊரார் 'அபேட்' என்று சொல்வது. பல ஆண்டுகளாக நம் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுத் தொட்டிகளில் ஊற்றுவது இதைத்தான். குடிநீர்த் தொட்டியில்கூட லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் இடமளிக்கிறது. விலை குறைவு, விரைவாகக் கொல்லும். தொட்டிக்கு நல்லது; கண்மாய்க்கு நான் தயங்குகிறேன். இது நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லி. கொசுப்புழுவோடு, அதைத் தின்னும் தும்பிக் குஞ்சு போன்ற பூச்சிகளையும், மீன்குஞ்சுக்கு இரையாகும் நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்களையும் கொல்லும். அவை மீண்டு வர நாளாகும்; கொசுவுக்கு எட்டு நாள் போதும். எதிரி இல்லாத குளத்துக்குக் கொசு முதலில் திரும்பி வரும்.

மூன்றாவது பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாக்டீரியா. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது முழுப்பெயர். 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசு மண்டிய ஒரு குட்டையின் மண்ணிலிருந்து எடுத்தார்கள். புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் நம் மண்ணிலிருந்தே ஒரு வகையைப் பிரித்தெடுத்திருக்கிறது. இதன் புரதப் படிகத்தைக் கொசுப்புழு தின்ன வேண்டும். புழுவின் குடலில் உள்ள காரத்தன்மையில் அது நஞ்சாக மாறிக் குடலைத் துளைக்கும்; ஒரு நாளில் புழு சாகும். மீனுக்கும் தவளைக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் பாதிப்பில்லை. ஜெர்மனியில் ரைன் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் 1980களிலிருந்து ஊராட்சிகள் கூடி இதைத்தான் தெளித்துவருகின்றன. கொசுவுக்கு நெருங்கிய உறவான கடிக்காத சிறு ஈக்களின் புழுக்களும் அதிக அளவில் தெளித்தால் குறையும், அவை பறவைக்கும் மீனுக்கும் உணவு என்ற விவாதம் அங்கே நடக்கிறது. ஆகவே கண்மாய் முழுவதும் தெளிக்காமல் கொசு இருக்கும் இடத்தில் மட்டும் தெளிக்க வேண்டும். நம் பைக்கும் அதுதான் கட்டுப்படியாகும்.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். டெமிபாஸைவிட விலை அதிகம். வெயிலில் சிதையும், அடியில் படியும்; எனவே வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை திரும்பத் தெளிக்க வேண்டும். கழிவுநீரில் புழுவுக்கு வேறு இரை ஏராளம் என்பதால் அளவு கூட வேண்டும். கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் சாகாது. இலை மூடிய இடத்தில் திரவத்தைத் தெளித்தால் இலைமேல் நின்றுவிடும். பேசில்லஸ் ஸ்பெரிக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா கழிவுநீரில் இதைவிட நன்றாக நின்று வேலை செய்யும். ஆனால் 1990களில் கொச்சியில் அதைத் தொடர்ந்து தெளித்த இடத்தில் கியூலெக்ஸ் அதற்குப் பழகிவிட்டது. பி.டி.ஐ.யில் ஒன்றுக்கு மேற்பட்ட நச்சுப் புரதங்கள் சேர்ந்து வேலை செய்வதால் கொசு அதற்கு எளிதில் பழகுவதில்லை.

குத்தகை அண்ணன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மருந்து ஊற்றினால் என் மீனுக்கு என்ன ஆகும் சார்? அதை மட்டும் சொல்லுங்கள்." பி.டி.ஐ. என்றால் அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல முடிகிறது. அதற்காகவே நான் அதைப் பரிந்துரைக்கிறேன்.

எந்த மீன்?

கம்பூசியா என்றால் எல்லோருக்கும் தெரியும். வட அமெரிக்க மீன். 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. குட்டி போடும், வேகமாகப் பெருகும், ஒரு மீன் ஒரு நாளில் நூற்றுக்கு மேல் புழுக்களைத் தின்னும். கேட்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லைபோல் இருக்கும். ஆனால் கண்மாயில் விட்டால் அது புழுவோடு நிற்காது. மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், துடுப்பைக் கடிக்கும், தவளையின் தலைப்பிரட்டையை விடாது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களைச் சொல்லும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் கம்பூசியா இருக்கிறது. அதே பட்டியலில் ஆகாயத்தாமரையும் இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொண்டுவந்து விடுவது எனக்குச் சம்மதமில்லை. வெளியே தண்ணீர் போக வழியில்லாத கிணறு, கட்டுமானத் தொட்டி போன்றவற்றில் வைத்துக்கொள்ளட்டும். மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கும் அதன்பின் ஆற்றுக்கும் போய்ச் சேரும் நீரில் வேண்டாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டேன். வலையைக் கரையோரம் ஒருமுறை இழுத்து, அள்ளிய நீரை வெள்ளைச் சட்டியில் ஊற்றினார். கெண்டைக் குஞ்சுகளுக்கு நடுவே விரல் நீளத்துக்கும் குறைந்த மெல்லிய மீன் ஒன்று நீரின் மேல்தோலை ஒட்டியே நின்றது. அசையவில்லை. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னியது. "முண்டக்கண்ணி" என்றார். வடமூலையிலிருந்து கொண்டுவந்த குவளை நீரில் கொஞ்சம் அதில் ஊற்றினோம். மீன் உடம்பைத் திருப்பக்கூட இல்லை. மேல்நோக்கிய வாயைத் திறந்து மூடியது, தொங்கிக்கொண்டிருந்த புழுவைக் காணோம். பிறகு அடுத்தது. சட்டியில் மிதந்தவை தீர ஐந்து நிமிடம் ஆகவில்லை.

மீனைத் தேர்ந்தெடுக்கும்போது வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கொசுப்புழு மூச்சுக்காக மேற்பரப்பில் தொங்குவது. மதுரைக்காரர்கள் உயிரையே விடும் அயிரைக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும்; அது சேற்றில் மேய்வது. கண்மாயில் அயிரை எவ்வளவு இருந்தாலும் கொசுவுக்கு அச்சமில்லை. முண்டக்கண்ணி மேல்நீரில் வேட்டையாடும் மீன், இந்த மண்ணின் மீன், விலையும் இல்லை. ஏற்கெனவே கண்மாயில் இருப்பதைப் பிடித்து, அது போக முடியாத இடங்களில் விட்டால் போதும் என்று தோன்றும்.

அது போக முடியாத இடங்கள் என்பதில்தான் மீனின் எல்லை இருக்கிறது. அடர்ந்த ஆகாயத்தாமரைக்குள் அது நுழையாது. குழிகளுக்கு வழியில்லை. கழிவுநீர் வாயில் மூச்சுக்காற்று போதாமல் சாகும். நமக்குக் கொசு விளையும் மூன்று இடங்களும் மீன் எட்டாத மூன்று இடங்கள்தான். அங்கே கொசு விளைவதற்கே அதுதான் காரணம்.

ஆகாயத்தாமரையும் குழிகளும்

ஆகாயத்தாமரை மூன்று விதத்தில் கொசுவுக்கு உதவுகிறது. அலையை அடக்கி நீரை அசையாமல் வைக்கிறது. மீனைத் தடுக்கிறது. மான்சோனியா என்ற கொசுவின் புழு, வேரில் குத்தி அங்கிருந்தே காற்றை உறிஞ்சி வாழ்கிறது. அது மேலே வருவதே இல்லை என்பதால் குவளையில் சிக்காது, மருந்திலும் எளிதில் சிக்காது. செடியைப் பிடுங்கி வேரை வெள்ளைச் சட்டி நீரில் அலசினால்தான் தெரியும்.

கேரளத்தின் சேர்த்தலையில் இந்த மான்சோனியாவால் யானைக்கால் நோய் பரவியிருந்தது. 1980களில் புதுச்சேரி ஆய்வு மையத்தினர் அங்கே வீட்டுக் குளங்களில் மிதக்கும் பாசிச்செடிகளை எடுக்கவைத்து, அந்த இடத்தில் உண்ணும் மீனை வளர்க்கும்படி மக்களைத் தூண்டினார்கள். மீனில் வருமானம் வந்ததால் குளத்தைச் செடி மூடாமல் பார்த்துக்கொள்ள அந்தக் குடும்பங்களுக்கே ஒரு காரணம் கிடைத்தது. எங்கள் கூட்டத்துக்குக் குத்தகை அண்ணனை அழைக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம். தெளிந்த கண்மாயால் பணம் பெறும் ஒரே மனிதர் அவர். எங்களுக்குச் சலித்துப்போனாலும் அவருக்குச் சலிக்காது.

செடியை எடுப்பதில் எங்களுக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாற்பது பேர் இறங்கி ஒரு நாள் முழுக்க வாரினோம். அள்ளியதைக் கரைச் சரிவிலேயே குவித்தோம், படம் எடுத்துக்கொண்டோம், வீட்டுக்குப் போனோம். ஐப்பசி முதல் மழையில் குவியல் சரிந்து திரும்பத் தண்ணீருக்குள் இறங்கியது. தை மாதத்தில் பழையபடி பச்சைப் பாய். கழிவுநீரின் சத்தில் அது இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகக்கூடிய செடி. பாதி எடுத்தால் எடுக்காததற்குச் சமம். இந்த முறை டிராக்டர் வைத்துக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், பூ விடுவதற்கு முன் எடுக்க வேண்டும் (விதை பல ஆண்டுகள் சேற்றில் உயிரோடு கிடக்கும்), தையில் மீண்டும் ஒருமுறை மிச்சத்தைப் பொறுக்க வேண்டும். இந்தச் செடியை மட்டுமே தின்னும் கூன்வண்டுகளை 1983இலிருந்து பெங்களூர் ஏரிகளில் விட்டு, சில ஏரிகளில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு குடியிருப்போர் சங்கம் செய்யக்கூடியதும் அன்று.

குழிகள்தான் எனக்கு மிகவும் நம்பிக்கை தருபவை. வண்டல் அள்ளியபோது விட்டுப்போன பள்ளங்கள். கண்மாய் நிறைந்திருக்கும்போது எல்லாம் ஒன்றாகிவிடும், நீர் வற்றும்போது தனித்தனிக் குட்டையாகும், உள்ளே மீன் இராது. ஒவ்வொரு குழியையும் தாழ்வான பக்கமாக ஒரு முழ அகல வாய்க்காலால் ஆழநீரோடு இணைத்தால் முண்டக்கண்ணி தானாகவே உள்ளே வந்துவிடும். நீர் இன்னும் வற்றினால் குழியும் சேர்ந்து வடிந்துவிடும். மேடாக நிரப்பிவிடலாமே என்று கேட்டார்கள். நிரப்பினால் கொக்கும் உள்ளானும் மேயும் ஆழமற்ற நீர் போய்விடும், கண்மாயின் கொள்ளளவும் குறையும். இரண்டு நாள் ஜேசிபி வாடகையில் முடியும் வேலை. கண்மாய் நீர்வளத் துறையுடையதா, உள்ளாட்சியுடையதா என்று பார்த்து முதலில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

கான்கிரீட், நீரூற்று, ட்ரோன்

கரை முழுவதும் கான்கிரீட் போட நம் பணம் போதாது. போதினாலும் நான் வேண்டாம் என்பேன், நிலத்தடிக்கு நீர் ஊறுவது குறையும். நீரூற்று சுற்றியிருக்கும் சில மீட்டர் நீரை அசைக்கும். கால் ஏக்கர் ஊருணிக்கு அது நல்ல தேர்வு. கண்மாய்க்கு நடுவில் வைத்தால் கொசு இல்லாத இடத்தை அசைத்துக்கொண்டிருக்கும், மின்கட்டணமும் வரும். சென்னையில் 2021இலிருந்து ஆள் இறங்க முடியாத கால்வாய்களில் ட்ரோனால் மருந்து தெளிக்கிறார்கள். பெரிய பரப்புக்கு அது மாநகராட்சியின் கருவி. நமக்கு முதுகில் மாட்டும் தெளிப்பான் போதும்.

கண்மாயில் பிறக்காத கொசு

கூட்டத்தில் யாருமே பேசாத ஒன்று செப்டிக் டேங்க். கியூலெக்ஸ் அதிலும் வளரும். பகல் மங்கும்போது துணியின் மேலேயே கடிக்கும் பெரிய கொசு ஆர்மிஜெரஸ், அதற்குப் பிடித்த இடமே அதுதான். எங்கள் தெருவில் காற்றுக்குழாய்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். 31 வீடுகளில் 26 வீட்டுக் குழாய்க்கு வலை இல்லை. மதுரையிலிருந்து இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர் திருக்கோவிலூர்ப் பகுதியில் யானைக்கால் நோய்க்கு எதிராக மாத்திரை கொடுத்ததோடு, கழிவுக் குழிகளில் பாலிஸ்டைரீன் மணிகளை மிதக்கவிட்டு, கிணறுகளில் மீனும் விட்டார்கள். கொசுக் கட்டுப்பாடும் சேர்ந்த ஊர்களில் பலன் நிலைத்தது. அந்த மணிகள் மூடிய குழிக்கு மட்டும்தான். கண்மாயில் போட்டால் காற்று கரைக்கு ஒதுக்கிவிடும், மீனும் பறவையும் விழுங்கும். நம் வீடுகளுக்குக் குழாய் வாயில் நைலான் வலையும், விரிசல் விட்ட மூடிக்குச் சிமெண்ட் பூச்சும் போதும். இங்கே ஒப்பிட்ட எல்லாவற்றிலும் செலவு குறைந்தது இதுதான், நாளையே தொடங்கக்கூடியதும் இதுதான்.

என் பரிந்துரை

80,000 ரூபாய் ஆகாயத்தாமரைக்கு, முழுவதுமாக எடுத்து வெளியே கொண்டுபோக. 25,000 குழிகளை இணைக்க. 20,000 வலைக்கும் மூடிக்கும், 140 வீடுகளுக்கும் சங்கமே ஆள் வைத்துக் கட்டிவிட வேண்டும்; அவரவர் பொறுப்பு என்று விட்டால் நடக்காது. 35,000 பி.டி.ஐ.க்கும் தெளிப்பானுக்கும். அதை வடமூலைக் கழிவுநீர் வாயிலும் அதற்கு மேலே கால்வாயில் நூறு மீட்டருக்கும் மட்டும், வாரம் ஒருமுறை, மழை ஓய்ந்து நீர் ஓட்டம் நிற்கும் மார்கழியிலிருந்து பங்குனி வரை தெளிக்கலாம். மிச்சம் 20,000 தையில் செடியின் எச்சத்தை எடுக்க. புகைக்கு ஒன்றும் இல்லை. மீனுக்கும் ஒன்றும் இல்லை. அண்ணனின் வலையும் நம் வாளியும் போதும்.

உங்கள் நீர்நிலை வேறு மாதிரி இருந்தால் கணக்கும் மாறும். கழிவுநீர் கலக்காத சிறு ஊருணி என்றால் ஓரப்புல்லை அறுத்து முண்டக்கண்ணி விட்டாலே பெரும்பாலும் போதும், மருந்துக்கு வேலையில்லை. கல்படிக் குளம் என்றால் மூலையில் ஒதுங்கும் பூமாலையையும் குப்பையையும் வாரம் இருமுறை எடுக்க ஓர் ஆளை வையுங்கள். சுற்றிலும் நெல்வயல் உள்ள கிராமத்து ஏரி என்றால் ஏரியை மட்டும் பார்த்துப் பயனில்லை. வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறைதான் அங்கே கொசுவைக் குறைக்கும், தண்ணீரையும் மிச்சப்படுத்தும்.

வடமூலையில் கழிவுநீர் வருவதை நிறுத்துவது நம் பணத்தால் முடியாது. மூன்று ஆண்டுகளில் நான்கு மனு கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ரசீது எண் கிடைத்தது, குழாய் கிடைக்கவில்லை. ஐந்தாவது மனுவோடு இந்த முறை குவளைக் கணக்கையும் இணைக்கிறேன். அதுவரை வாயில் கம்பித் தடுப்பு வைத்துக் குப்பையை நிறுத்தி, கால்வாயைத் தேங்காமல் நேராக்கிவிட்டால் முட்டைத் தெப்பங்கள் தங்க இடம் குறையும்.

கரையைச் சுற்றி 24 இடங்களில் குச்சி நட்டு எண் எழுதிவிட்டேன். ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு அதே இடங்களில் மொண்டு எண்ணி, நோட்டில் எழுதி, சங்கப் பலகையில் ஒட்டுவோம். நான்கு வாரத்தில் வடமூலைக் கணக்கு பாதிக்குக் குறையவில்லை என்றால் பி.டி.ஐ. அளவை மாற்றுவோம். குழிகளில் குறையவில்லை என்றால் வாய்க்கால் தூர்ந்திருக்கும், மண்வெட்டியோடு போவோம். இந்த ஞாயிறு முதல் எண்ணிக்கை. வருகிறவர்கள் வெள்ளை நிறக் குவளை ஒன்றும் பழைய செருப்பும் கொண்டுவாருங்கள். மறுகால் பக்கத்து வேப்பமரத்தடியில் நானும் அண்ணனும் நிற்போம்.